மலின் சொன்ன ஒரு வருஷம்

ஜ்யோத்ஸ்னாவைப் பெண் பார்க்க தில்லி ஜனக்புரிக்குப் போயிருந்தபோது நான் முதலில் கவனித்தது அவளுடைய கைகளை. காபி டம்ளரை நீட்டிய வலது முன்கை, இடது கையைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தது. என் அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். சின்ன வயதில் ஏதோ எலும்பு முறிவு போலிருக்கிறது, சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று என் காதில் ஓதினாள். அம்மாவுக்கு ரகசியம் பேச வராது. ஜ்யோத்ஸ்னாவின் அப்பா பத்ரி மாமா சிரித்துவிட்டார்.

"அது டென்னிஸ் கை மாமி. எட்டு வயசுலேர்ந்து ஆடிண்டிருக்கா. வேற ஒண்ணும் இல்லை."

பிறகு எங்கள் இருவரையும் பால்கனியில் விட்டார்கள். கீழே காய்கறி விற்கும் சப்ஜிவாலா கத்திக்கொண்டிருந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு விஷயம் சொல்லிடறேன். கார்த்தால டென்னிஸ் ஆடப் போவேன். கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன்."

"தாராளமா போங்கோ."

"இன்னொண்ணு. ஸ்வீடன்ல மலின்னு ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு மேட்ச் இருந்தா அந்த நேரத்துல என்கிட்ட யாரும் பேசக் கூடாது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மலின் எக்ஸ்ட்ராண்ட் என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். நான் சாஸ்திரி பவனில், சர்க்கார் ஆபீஸில், ஃபைல் பார்க்கிறவன். விளையாட்டு என்றால் ஆபீஸில் யாராவது சொல்லும் கிரிக்கெட் ஸ்கோர், அவ்வளவுதான். ஆனால் இந்த இருபது வருஷத்தில் அந்த ஸ்வீடன்காரியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு என் சொந்தத் தம்பியைப் பற்றிக்கூடத் தெரியாது.

ஜ்யோத்ஸ்னா இதைக் கதையாக உட்கார்ந்து சொன்னதே இல்லை. மெட்ரோவில் வரும்போது கொஞ்சம், கறிகாய் நறுக்கும்போது கொஞ்சம் என்று சொன்னவற்றை நான்தான் கோத்து வைத்திருக்கிறேன்.

பத்ரி மாமா ஆடிட் ஆபீஸில் இருந்தார். ஆபீஸ் கிளப்பில் ஒரு மண் கோர்ட் இருந்தது. அவர் ரொம்ப மோசமாக ஆடுவார். பந்து பொறுக்கக் கூட்டிக்கொண்டு போன பெண், இரண்டு வருஷத்தில் அவரையே தோற்கடித்தாள். அவரும் வெட்கப்படாமல் பஸ் பஸ்ஸாக ஏறி, தில்லியில் இருந்த ஒவ்வொரு கோச்சிடமும் அவளைக் கூட்டிப் போனார். ஸ்டேட் லெவல், யுனிவர்சிட்டி என்று வளர்ந்தாள். ஆனால் சிங்கிள்ஸில் சுமார்தான். ஆள் குள்ளம், சர்வில் பலம் இல்லை. அதை அவளே சொல்வாள்: "நான் பாதி கோர்ட்டுக்குன்னே பொறந்தவ கௌஷிக். முழுசையும் ஒருத்தியாப் பாத்துக்க எனக்குத் தெரியாது."

இரண்டாயிரமாவது வருஷம் பிப்ரவரியில் தில்லியில் பெண்களுக்கான சின்ன இன்டர்நேஷனல் போட்டி ஒன்று நடந்தது. பெரிய பெயர்கள் யாரும் வர மாட்டார்கள். ரேங்கிங்கில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், ஊர் ஊராகப் போய்ப் புள்ளி சேர்ப்பவர்கள் வருவார்கள். ஜ்யோத்ஸ்னாவுக்கு இருபது வயது. தகுதிச் சுற்றிலேயே தோற்றுவிட்டு, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வெயில் பட்டு முழங்கால் வரை சிவந்து போன ஒரு நெட்டைப் பெண் வந்து நின்றாள். அதுதான் மலின். அவளோடு வந்த சிநேகிதி வயிறு கெட்டு ஊருக்கே திரும்பிவிட்டாளாம். டபுள்ஸுக்குப் பெயர் கொடுக்கும் நேரம் முடியப்போகிறது.

"நீ இடது பக்கம் ஆடுவாயா?" என்று கேட்டாள்.

"ஆடுவேன்."

"உன் பெயர் என்ன?"

ஜ்யோத்ஸ்னா சொன்னாள். அது அவள் வாயில் நுழையவில்லை. எழுதிக் காட்டச் சொன்னாள். ஸ்வீடிஷ் மொழியில் 'ஜே' எழுத்தை 'ய' என்றுதான் வாசிப்பார்களாம். 'யோத்ஸ்னா' என்று படித்தாள். மறு நிமிஷமே அதையும் சுருக்கி 'யோ' ஆக்கிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னபோது பத்ரி மாமா, "என்னடி இது, ரிக்‌ஷாக்காரனைக் கூப்பிடற மாதிரி!" என்றாராம்.

அந்த வாரம் அவர்கள் கோப்பையை ஜெயித்தார்கள். மலின் பின்னாலிருந்து சர்வ் போடுவாள். ஜ்யோத்ஸ்னா நெட்டுக்கு முன்னால் குனிந்து நிற்பாள். முதுகுக்குப் பின்னால் கையை மூடிக் காட்டினால் 'நகர மாட்டேன்', விரித்துக் காட்டினால் 'குறுக்கே பாய்வேன்'. இரண்டாவது மேட்சிலிருந்து அந்த ஜாடையும் தேவைப்படவில்லை என்பாள். இவள் வலது பக்கம் பாய்ந்தால் அவள் தானாக இடது பக்கம் போய்விடுவாள். கோப்பையை ஜெயித்த அன்று மலின் ஜனக்புரி வீட்டுக்கு வந்து, சாம்பாரை ஒதுக்கிவிட்டு ஒரு தட்டு நிறைய அப்பளம் மட்டும் சாப்பிட்டாள்.

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் இரண்டு ஊர்களில் சேர்ந்து ஆடினார்கள். போகும்போது மலின் சொன்னாள்: "கோடையில் என் ஊருக்கு வா. அங்கே நிறைய டூர்னமென்ட் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே இருக்கலாம்."

பத்ரி மாமா எப்படியோ அனுப்பி வைத்தார். அந்த ஒரு கோடைதான் ஜ்யோத்ஸ்னாவின் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயம் என்று சொன்னால் மேதா கோபித்துக்கொள்வாள். மேதா எங்கள் பெண். ஆனாலும் அதுதான் உண்மை என்று நினைக்கிறேன். மலினின் அம்மாவுடைய பழைய காரில் இருவரும் ஸ்வீடன், பின்லாந்து, ஜெர்மனி என்று சுற்றியிருக்கிறார்கள். பின் சீட்டில் ஈர டவல்களைக் காயப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார்களாம். பின்லாந்தில் ஒரு ஊரில் பைனலில் தோற்ற துக்கத்தில் டென்னிஸ் உடுப்போடேயே ஏரியில் குதித்தார்கள். தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று தெரியாத ஜ்யோத்ஸ்னா, "அம்மா!" என்று அலறினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முக்கியமான பாயிண்டிலும் மலின், "அம்மா!" என்று கத்த ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கோப்பைகள் வந்தன. ரேங்கிங் ஏறியது. இப்படியே போனால் அடுத்த வருஷம் பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்றில் ஆடலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

செப்டம்பரில் விசா முடிந்து ஜ்யோத்ஸ்னா தில்லிக்கு வந்தாள். பையைப் பிரிக்கவில்லை. ஜனவரியில் திரும்பிப் போவதாகத்தான் திட்டம். டிசம்பரில் ஜனக்புரி வீட்டுக்குப் போன் வந்தது.

"யோ, புதுக் கோச் வந்திருக்கிறார். சிங்கிள்ஸில் மட்டும் கவனம் வைக்கச் சொல்கிறார். ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்தான். அப்புறம் மறுபடியும் நாம் ஆடலாம்."

"அச்சா, ஒரு வருஷம்தானே" என்றாள் ஜ்யோத்ஸ்னா. அவளுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. அந்த ஒரு வருஷத்தில், பந்து தரையைத் தொடும் முன்பே அடிக்கும் தன் வாலி ஷாட்டைச் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தாளாம்.

அந்த வருஷம் ஒரு பேங்கிலிருந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வந்தது. வேண்டாம் என்றாள். அடுத்த ஜனவரியில் போன் வரவில்லை, புத்தாண்டு வாழ்த்து அட்டைதான் வந்தது. ஜூனில் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், பொடி எழுத்தில், விம்பிள்டன் முதல் சுற்று முடிவுகளுக்கு நடுவே மலினின் பெயர் இருந்தது. ஜெயித்திருந்தாள். ஜ்யோத்ஸ்னா அதை அப்பாவிடம் காட்டி, "நன்னா ஆடறா. இப்போ போய் என்னைக் கூப்பிட முடியுமா?" என்று கேட்டாள். இரண்டாவது முறை பேங்கிலிருந்து வேலை வந்தபோது சேர்ந்துவிட்டாள்.

எங்கள் கல்யாணம் நடந்தபோது மலின் உலகத்தின் முதல் நூறு பேரில் ஒருத்தி. மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டுக்குக் குடி வந்ததும் ஃபிரிட்ஜுக்கு முன்பே கேபிள் கனெக்‌ஷன் வாங்கினோம். ஆனால் டிவியில் பெரிய கோர்ட்டுகளைத்தான் காட்டுவார்கள். மலின் எப்போதும் ஓரத்துக் கோர்ட்டுகளில்தான் ஆடினாள். அதனால் ஜ்யோத்ஸ்னா பார்த்ததெல்லாம் எண்கள்தான். பேங்கில் லஞ்ச் நேரத்தில் கம்ப்யூட்டரில் ஸ்கோரைத் திறந்து வைத்துக்கொள்வாள். எனக்கு போன் வரும். "முப்பதுக்கு நாப்பது. அவ சர்வ்" என்பாள். நானும் எதிரில் இருக்கும் ஃபைலை மூடிவிட்டு, "சரி" என்பேன்.

பாரிஸில் ஒரு வருஷம் மலின், உலகப் பட்டியலில் ஏழாவதாக இருந்த ஒருத்தியைத் தோற்கடித்தாள். அன்று ஜ்யோத்ஸ்னா பேங்க் முழுவதற்கும் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தாள். யாருக்குப் பிறந்தநாள் என்று மேனேஜர் கேட்டாராம். மலின் அதிகபட்சம் முப்பத்தெட்டாவது இடம் வரை போனாள். ஒரே ஒரு முறை விம்பிள்டனில் பெரிய கோர்ட் கிடைத்தது. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். எதிரில் ஒரு பழைய சாம்பியன். மலினால் தாக்குப் பிடிக்க முடியவில்லை. நான் டிவியைவிட ஜ்யோத்ஸ்னாவைத்தான் அதிகம் பார்த்தேன். மலின் சர்வ் போடும் ஒவ்வொரு தடவையும் இவளுடைய வலது கை முதுகுக்குப் பின்னால் போய், மூடி, விரிந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. புருஷனுக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லலாம். வந்தது பொறாமை இல்லை. ஒரு கல்யாண வீட்டின் வாசல் வரை போய் உள்ளே போக முடியாமல் நிற்பவளைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

பிறகு மலினுக்குத் தோள்பட்டை போயிற்று. ஒரு ஆபரேஷன், ஒரு வருஷம் ஓய்வு, மறுபடி ஆட்டம், மறுபடி ஆபரேஷன். ரேங்கிங் இருநூறு, முந்நூறு என்று இறங்கிக்கொண்டே போயிற்று. மேதா வயிற்றில் இருந்த ஜனவரியில், மெல்போர்னில் தகுதிச் சுற்று. காலையில் காபியை வைத்துக்கொண்டு ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது செட்டில் எண்கள் அப்படியே நின்றுவிட்டன. பிறகு மலின் பெயருக்குப் பக்கத்தில் 'ரிடயர்ட்' என்று வந்தது.

"முப்பது வயசுல ரிடயர்டா?" என்றேன்.

"அந்த ரிடயர்ட் இல்லை. பாதி மேட்ச்ல முடியலைன்னு விட்டா அப்படிப் போடுவா."

ஆனால் அது இரண்டு விதமான ரிடயர்டாகவும் ஆகிவிட்டது. அடுத்த வாரம் மலின் ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தாள். ஸ்வீடிஷ் பேப்பர்களில் நான்கு வரி வந்திருக்கும். ஜ்யோத்ஸ்னா அதை மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்துவிட்டு, குளிக்கப் போனாள். வெகு நேரம் குழாய்ச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷங்கள் ஃபேஸ்புக்கில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும். மலின் தன் ஊரில் ஒரு கிளப்பில் கோச் ஆனாள், கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பையன்கள். ஜ்யோத்ஸ்னா பேங்கில் ஆபீசர் ஆனாள். காலையில் ஆடப் போவது மட்டும் நிற்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு மெசேஜ் வந்தது. 'யோ, நீ இன்னும் தில்லியில்தானே இருக்கிறாய்? ஜூனியர் போட்டிக்கு இரண்டு பெண்களை அழைத்து வருகிறேன்.'

அந்த வாரம் எங்கள் வீடு நிலைகொள்ளவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான்கு கடை ஏறி இறங்கி, பத்ரி மாமா காலத்தில் வாங்கிய அதே மாதிரி பெரிய அப்பளம் வேண்டும் என்று அடம் பிடித்தாள். கடைக்காரரே, "பெஹன்ஜி, ஷாதி ஹை க்யா?" என்று, வீட்டில் கல்யாணமா என்று கேட்டுவிட்டார். ராக்கெட்டுக்குப் புது நரம்பு போட்டாள்.

"அவகூட ஒரு செட் ஆடணும் கௌஷிக். ஒரே செட்" என்றாள்.

"அம்மா, யூ ஆர் ஸோ நர்வஸ்" என்று மேதா சிரித்தாள். "பாய்ஃப்ரெண்ட் வர மாதிரி பண்றே."

மலின் ஞாயிற்றுக்கிழமை மதியம் டாக்சியில் வந்து இறங்கினாள். ஜ்யோத்ஸ்னா செருப்புகூடப் போடாமல் மூன்று மாடியும் இறங்கி ஓடினாள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். குட்டையாக வெட்டிய நரைத்த முடி, இன்னும் அதே உயரம். இருவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். மலின் இடது கையால் மட்டும் அணைத்திருந்தாள். வலது கை பக்கத்தில் தொங்கியது.

சாப்பாட்டு மேஜையில் அவளைப் பிடிக்க முடியவில்லை. பழைய கார், பின்லாந்து ஏரி, ஈர டவல் எல்லாவற்றையும் மேதாவுக்குச் சொன்னாள். "அம்மா!" என்று கத்தியும் காட்டினாள். "உன் அம்மா நெட்டில் வந்து நின்றால் எதிரில் இருப்பவர்களுக்குக் கை நடுங்கும்."

"என் அம்மாவா? சீரியஸ்லி?" என்றாள் மேதா. அப்புறம் அந்த வயதுக்கே உரிய விதத்தில் நேராகக் கேட்டாள். "அப்படின்னா ஏன் நிறுத்திட்டீங்க ரெண்டு பேரும்?"

ஜ்யோத்ஸ்னா என்னைப் பார்த்தாள். பிறகு மலினைப் பார்த்து இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள். "நீ ஒரு வருஷம் சிங்கிள்ஸ் ஆடுகிறேன் என்று போன் செய்தாயே. அப்புறம் மறுபடியும் சேர்ந்து ஆடலாம் என்று."

மலின் நெற்றியைச் சுருக்கினாள். நடிப்பு இல்லை. நிஜமாகவே தேடினாள்.

"அப்படியா சொன்னேன்? எனக்கு நினைவே இல்லை, யோ. உனக்கு பேங்கில் வேலை கிடைத்துவிட்டது, அதனால்தான் நீ திரும்பி வரவில்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்."

"வேலைக்குச் சேர்ந்தது அதற்கு ரொம்ப அப்புறம்" என்றாள் ஜ்யோத்ஸ்னா. அப்பளத் தட்டை மலின் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு. ஆறிவிட்டால் நமுத்துப்போகும்."

மலின் போன பிறகு எனக்குத்தான் கோபம் வந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"எப்படி மறப்பா? ரெண்டு வருஷம் பையைப் பிரிக்காம உக்காந்திருந்தே நீ!"

"அவ வாரத்துக்கு ஒரு ஊர்ல இருந்தா கௌஷிக். எத்தனை பேருக்கு எத்தனை போன் பண்ணியிருப்பா. எனக்கு அந்த ஒரு போன்தான்." கடாயைக் கழுவிக் கவிழ்த்தாள். "நாளைக்கு லீவ் போட்டிருக்கேன். கார்த்தால வரச் சொல்லியிருக்கா."

நாங்கள் மூவருமே போனோம். ஆப்பிரிக்கா அவென்யூ மைதானத்தில் பனிமூட்டம் விலகி, கோர்ட்டின் ஈரம் காயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மலினின் இரண்டு மாணவிகளும் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு வயது இருக்கும், இரண்டும் ஆளுக்கொரு தென்னை மரம். ஜ்யோத்ஸ்னா தோளில் மாட்டிய பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"ஒரு செட்?" என்றாள்.

மலின் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். "இது காதுக்கு மேல் போகாது, யோ. காபிப் பாத்திரத்தைக்கூட இடது கையால்தான் எடுக்கிறேன்."

"கீழேருந்து சர்வ் போடு. யார் கேட்கப் போறா?" என்றாள் ஜ்யோத்ஸ்னா. பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டாள். பிறகு கையால் செய்து காட்டினாள்.

மலின் மாணவிகளில் ஒருத்தியிடமிருந்து ராக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு சின்னப் பெண்களும் முதலில் மரியாதைக்கு மெதுவாக அடித்தார்கள். மலின் கீழிருந்து சர்வ் போட்டாள், பந்து நெட்டைத் தொட்டும் தொடாமலும் போய் விழுந்தது. அதைத் திருப்பி அடித்தவளுக்கு, எதிரில் இருந்த இந்தக் குள்ள அம்மாள் எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. ஜ்யோத்ஸ்னா குறுக்கே பாய்ந்து இருவருக்கும் நடுவில் அறைந்தாள். "அம்மா!" என்று மலின் கத்தினாள். பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் மரியாதை பார்க்கவில்லை. வேகமாக அடித்தார்கள், தலைக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். மலினால் எம்பி அடிக்க முடியாது, ஜ்யோத்ஸ்னாவுக்கு உயரம் போதாது. பின்னாலேயே ஓடி ஓடி எடுத்தார்கள். பாதிக்கு மேல் தோற்றார்கள். ஆனால் ஒரு பந்து மலினின் தலைக்கு மேல் போனபோது நான் பார்த்தேன். ஜ்யோத்ஸ்னா அதை எடுக்க இடமிருந்து வலமாக ஓடினாள். அதே நேரத்தில் மலின், திரும்பிப் பார்க்காமலே, வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

மூன்றுக்கு ஐந்து என்று இருக்கும்போது மைதானத்துக்காரர் வந்து கைதட்டினார். "மேடம், டைம் ஹோ கயா" என்று, அடுத்த புக்கிங்காரர்கள் வந்து நிற்பதைக் காட்டினார். மலினுக்கும் மாணவியின் மேட்சுக்கு நேரமாகிவிட்டது. முழங்காலில் கை வைத்துக் குனிந்து, சிரித்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். ஜ்யோத்ஸ்னாவின் தலைமுடியை இடது கையால் கலைத்துவிட்டு, "கோடையில் வா. இந்த முறை குடும்பத்தோடு" என்றாள். அந்தப் பெண்கள் இருவரும் வார நடுவிலேயே தோற்றுவிட்டார்கள். அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அன்று ஆட்டம் முடிந்து நாங்கள் மெட்ரோவில் திரும்பி வந்தோம். மேதாவுக்கு உட்கார இடம் கிடைத்தது, காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். நானும் ஜ்யோத்ஸ்னாவும் கதவோரமாக நின்றிருந்தோம். யமுனைப் பாலத்தில் வண்டி ஏறியதும் அவள் பேசினாள்.

"நான் பாக்கவே இல்லை கௌஷிக். தலைக்கு மேல அந்த லாப் வந்தப்போ. அவ எங்கே போவான்னு எனக்குத் தெரிஞ்சுது."

"நான் பாத்தேன்."

"இத்தனை வருஷம் நான் என்ன நெனச்சேன்னா, ஒரு தடவை ஆடிட்டா போதும், அது தீந்துபோயிடும்னு." கம்பியைப் பிடித்திருந்த கையின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். "தீரலை. இன்னும் வேணும்னு இருக்கு."

அவள் தோளில் இருந்த பையை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். கீழே ஆறு சாம்பல் நிறத்தில் கிடந்தது. மயூர் விஹார் வரும்வரை அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.